மறுமாற்றத் திருத்தாண்டகம்: அடிமையும் விடுதலையும்

உலகத்துள் உயிர் வாழ்வார் யாவரும் விரும்பும் பேறுகளுள் விடுதலை தலையாயது. பொற்கூட்டில் பாலும் பழமும் ஊட்டப்பெற்று வளரும் கிளியும் வானத்தையே நோக்கி நிற்றல் கண்கூடு. ஆயினும், விடுதலை என்பது யாது, அதனைப் பெறுவோன் யாவன், பெற்றபின் அவன் எவ்வாறு நிற்பன் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கு வைத்து ஆராய்வார் சிலரே. முதல் வினாவை மட்டும் எடுத்துக்கொண்டார், தடை நீங்குதலே விடுதலை என முடித்து, தடை நீங்கியபின் எஞ்சி நிற்பவனைப் பற்றிக் கவலை கொள்ளாது ஒழிவர். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார், 'யான்' என்பதனையே கடவுளாக்கி வழிபடத் தொடங்குவர். மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டார், பெறுவோன் ஒருவன் உளன் என்பதனையே மறந்துவிடுவர்.

திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய மறுமாற்றத் திருத்தாண்டகம் இம்மூன்றற்கும் ஒருங்கே விடை பகர்வது. ஆறாம் திருமுறையின் 99 பதிகங்களுள் 98-ஆவதாக அமைந்து, தலம் குறியாத பொதுப் பதிகமாக வழங்கும் இதனைத் தமிழுலகம் அஞ்சாமைக்கு ஓர் இலக்கியமாகப் போற்றி வருகின்றது. இதற்குப் பொருள் காண்பார் பெரும்பாலும் இரு திறத்தினர். ஒரு சாரார், இஃது அரசாணையை மறுத்த தனிமனிதன் ஒருவனது உரிமை முழக்கம் என்றும், இதன்கண் வரும் அடிமை என்னுங் கருத்துச் சமய மரபு பற்றி வந்த அணியே என்றும் கொள்வர். மற்றொரு சாரார், இது 'நான்' என்பது அறவே அழிந்த துறவியின் கூற்று எனக் கொண்டு, மறுப்பவர் ஒருவர் உளர் என்பதனையே மறைப்பர். இவ்விரு கொள்கைகளும் பதிகத்தின் சொற்கிடக்கைக்கு ஒவ்வாமையும், சித்தாந்தம் கூறும் உயிரிலக்கணமே அதற்குத் திறவுகோலாதலும் ஈண்டு ஆராயப்படும்.

1. பதிகம் எழுந்த களன்

மாற்றம் என்பது சொல். மறுமாற்றம் என்பது ஒருவர் கூறிய சொல்லுக்கு எதிராகக் கூறும் மொழி. யாருடைய சொல்லுக்கு எதிர்மொழி என்பதனைச் சேக்கிழார் பெருமான் விளக்குகின்றார். திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாராய்த் தோன்றிய மருணீக்கியார், சமண சமயம் புக்குத் தருமசேனர் ஆயினார். பின்னர்ச் சூலைநோயுற்றுத் தமக்கையார் திலகவதியாரைச் சரணடைந்து, திருவதிகைப் பெருமானைப் பாடி நோய் நீங்கி, நாவுக்கரசர் என்னும் பெயர் பெற்றார். இதனைக் கேட்ட பல்லவ மன்னன் அவரைக் கொணருமாறு அமைச்சரை ஏவினான். அவர் வந்து அரசாணையை அறிவித்தபோது சுவாமிகள் அருளிய விடையே இப்பதிகம் என்பது பெரியபுராண வரலாறு. அம்மன்னனை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என ஆராய்ச்சியாளர் கருதுவர். குணபரன் என்பது அவனுடைய விருதுப்பெயர் எனத் திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டால் அறியப்படுகின்றது. மனம் மாறிய மன்னன் திருவதிகையில் எடுப்பித்த கோயிலின் பெயர் பற்றிச் சேக்கிழார் தரும் குறிப்பும் அதனொடு இயையும் என்ப.

பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டின் நூலாகலின், ஐந்நூறு ஆண்டு கழித்து எழுந்த வரலாற்றினை எவ்வளவு கொள்வது என ஐயுறுவார் உளர். பதிகத்துள் பல்லவன் பெயரோ அமைச்சர் செய்தியோ இல்லை என்பது உண்மையே. ஆயினும், பாராளும் மன்னர் யானைமீது வந்து பணிக்கும் பணியைக் கேட்கக் கடவேமோ என வினவுதலும், நாவலந்தீவு முழுவதும் ஆளும் காவலரே ஏவினாலும் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லேம் எனக் கூறுதலும் பதிகத்துள்ளே காணப்படுகின்றன. கல்லோடு பிணித்து நீரில் தள்ளப்பெற்றுத் தாம் உய்ந்தமையைத் திருநீலக்குடிக் குறுந்தொகையில் சுவாமிகளே குறித்துள்ளார். ஆகவே, அரசாற்றல் ஒன்று எதிர்நின்று அச்சுறுத்திய காலையில் எழுந்த மொழி இஃது என்பது அகச்சான்றானும் வலியுறும்.

2. மறுத்தலும் பெறுதலும்

பதிகத்தின் வினைமுடிபுகளை நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். அவை இரண்டு வகையாகப் பிரிந்து நிற்கின்றன. ஒருவகை 'அல்லோம்' என்பது போன்ற எதிர்மறை. யாருக்கும் குடிகள் அல்லேம், கூற்றுவனுக்கு அஞ்சேம், நரகத்தில் இடர்ப்படேம் என அடுக்கி வருவன. மற்றொருவகை 'பெற்றோம்' என்னும் உடன்பாடு. நீறணியும் கோலம் பெற்றேம், கல்லனைய மனம் கரையப் பெற்றேம், இறைவன் திருவடியே சேரப் பெற்றேம், நாவாரப் பாடப் பெற்றேம் என வருவன. உரிமை முழக்கம் எனக் கொள்வார் முன்னையவற்றையே எடுத்தோதிப் பின்னையவற்றை நெகிழவிடுவர். தன்முயற்சியால் ஆயிற்று என்னும் பொருள்படச் 'செய்தோம்' என்னாது, பிறிதொருவன் கொடுத்தலைக் குறிப்பாற் காட்டும் 'பெற்றோம்' என்னுஞ் சொல்லே மீண்டும் மீண்டும் வருதல் கருதத்தக்கது. மறுக்கும் ஆற்றலுக்கு முதல், பெற்ற பேறே.

இதனினும் நுண்ணிய தொன்று முதற்பாட்டிலேயே உளது. யாருக்கும் குடியாகாமை என்னும் தன்மை பாட்டின் தொடக்கத்தில் அடியார்மேல் வைத்துக் கூறப்படுகின்றது. பாட்டு முடியுமுன் அதே தன்மை, அதே சொல்லால், சிவபெருமான்மேல் வைத்துக் கூறப்படுகின்றது. அப்பெருமானுக்கு மீளுதல் இல்லாத ஆட்களாய் அவன் திருவடியை அணுகினேம் என்று பாட்டு முடிகின்றது. யாருக்கும் குடியல்லாமை இறைவனுக்கு இயல்பு. அடியார்க்கோ அவனைச் சார்ந்தமையால் வந்தது. தொடக்கத்திற் கூறியதற்கு ஏது முடிவிற் கூறப்பட்டவாறு காண்க. இவ்வேதுவை நீக்கிவிட்டுத் தொடக்கத்தை மட்டும் எடுத்து ஆளுதல், காரணத்தை விட்டுக் காரியத்தைப் பற்றுதலாம்.

இரண்டாம் பாட்டு இவ்விடுதலையின் உலகியல் நிலையை விளக்குகின்றது. அகன்ற நிலமே இடமாம். ஊர்தோறும் சமைத்துண்பாரும் பிறர்க்கு இட்டு உண்பாரும் ஐயம் மறுக்கமாட்டார். தங்குதற்கு அம்பலங்கள் உள. மேலே கிடந்தால் நிலமகள் புரட்டித் தள்ளாள். இவை வறுமையைப் பாடும் சொற்கள் அல்ல. அரசன் ஒருவனை அடக்குதற்கு உரிய கருவிகள் எவை? வீட்டைப் பறித்தல், உணவைத் தடுத்தல், ஊரினின்றும் ஓட்டுதல் என்பனவன்றே? பறித்தற்கு வீடில்லை, தடுத்தற்கு ஓர் அடுப்பில்லை, எல்லா நிலமும் ஊராயினமையின் ஓட்டுதற்கும் இடமில்லை. அரசன் கையிலுள்ள கயிற்றின் மறுமுனை கட்டப்படுதற்கு ஒரு முளையும் இல்லாத வாழ்வு அது. அஞ்சாமை பேசுவார் பலர், அச்சத்தின் வேர் தேவையில் உள்ளது என்பதனை மறப்பர். சுவாமிகள் தேவையைச் சுருக்கிய பின்னரே அச்சத்தை மறுக்கின்றார்.

அச்சுறுத்தல் போலவே கொடையும் ஒரு தளை. தனித்திருத்தாண்டகத்தில், இருபெரு நிதிகளோடு மண்ணும் விண்ணும் ஆளக் கொடுத்தாலும், இறைவன்பால் ஒருமைப்பட்ட அன்பு இல்லாதாரது செல்வத்தை மதியோம் என்று அருளியவர் அவரே. அஞ்சாது நின்றும் பரிசிலுக்கு வளைந்தார் பலரை உலகம் கண்டுள்ளது. இரண்டனையும் ஒருங்கு வென்றபோதே விடுதலை நிறைவுறும்.

மேலைநாட்டு ஞானியருள் எபிக்டெட்டஸ் என்பவர் ஈண்டு ஒப்பிடத்தக்கவர். அடிமையாய்ப் பிறந்து பின்னர் விடுதலை பெற்ற அவர், உரோமப் பேரரசன் தொமீசியன் ஞானியரை நகரினின்றும் ஓட்டியபோது நிக்கோபொலிஸ் என்னும் ஊரை அடைந்து மாணாக்கர்க்கு அறிவுறுத்தி வாழ்ந்தார். உடம்பும் பொருளும் புகழும் நம் வசத்தன அல்ல. நம் எண்ணமும் விருப்பும் வெறுப்புமே நம் வசத்தன. இவற்றைக் காத்துக்கொள்வானை அரசன் எவ்வாற்றானும் அடிமைப்படுத்த இயலாது என்பது அவரது கொள்கை. தேவையைச் சுருக்குமளவில் அவரும் சுவாமிகளும் ஒருவழிச் செல்கின்றனர். அவரும் கடவுளைத் தொழுதவரே. ஆயினும் விடுதலையின் காவலை அவர் உயிரின் தேர்ச்சியினிடத்தே வைத்தார். சுவாமிகள் அதனை அருளினிடத்தே வைத்தார். உயிர் தன்னைத்தானே காத்து நிற்கவல்லதாயின் முன்னையது போதும். சித்தாந்தம் அவ்வாறு கூறாமைக்குக் காரணம் அடுத்து ஆராயப்படும்.

3. மறுப்பவன் யாவன்?

மெய்கண்டதேவர் 13-ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம், உயிர் உண்டு என்பதனைப் பல ஏதுக்களால் நிறுவுகின்றது. அவற்றுள் முதலாவது, 'இல்லை' என்று கூறும் அறிவே உயிர் என்பது. உடம்பு யான் அன்று, பொறி யான் அன்று, மனம் யான் அன்று என ஒவ்வொன்றாகக் கழித்துச் செல்லுங்கால், கழிப்பது எதுவோ அது கழிபடாது எஞ்சும். ஆகவே உயிர் முதன்முதல் தன்னை அறியத் தொடங்குவது ஒன்றனை மறுக்குமிடத்தேயாம். மறுமாற்றப் பதிகம் எதிர்மறையோடு தொடங்குதலின் தத்துவம் இது. அரசன் குடி என்பது ஒரு பெயர். முன்னைச் சமயத்திற் பெற்ற தலைமை ஒரு பெயர். இவையெல்லாம் யான் அல்லேன் எனக் கழிக்கும் அறிவு ஒன்று உளது. 'நான்' அழிந்தமையின் மறுப்போன் இல்லை என்பார் கொள்கை ஈண்டே வீழும். மறுப்பு உளதாகவே மறுப்போனும் உளன்.

ஏழாம் நூற்றாண்டுப் பாட்டிற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சூத்திரம் கொண்டு உரை காணுதல் முறையோ எனின், முறையே என்க. இலக்கியம் முந்தியது, இலக்கணம் அதனின்றும் எடுக்கப்படுவது. அருளாளர் வாழ்ந்து காட்டியதனையே சந்தானாசாரியர் வரையறுத்துக் கூறினர். சூத்திரத்தை மனத்துட்கொண்டு சுவாமிகள் பாடினார் என்பது ஈண்டைக் கருத்தன்று.

இனி, மருணீக்கியாரும் தருமசேனரும் நாவுக்கரசரும், ஆளுடைய பிள்ளையார் 'அப்பர்' என அழைக்க அப்பெயர் பெற்றவரும் ஒருவரா, பலரா? கோலம் வேறு, கொள்கை வேறு, பெயர் வேறு. ஆங்கிலப் பேரறிஞர் ஜான் லாக் 1694-ல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த ஓர் இயலில், இவ்வினாவுக்கு விடையாக நினைவின் தொடர்ச்சியைக் காட்டினார். முன் செய்ததனை 'யான் செய்தேன்' என உணரும் உணர்வு எத்துணைத் தொலைவு செல்லுமோ, அத்துணைத் தொலைவே ஒருவனது ஒருமை என்றார். சித்தாந்தம் நினைவினைச் சான்றாகக் கொள்ளும். ஆயின் நினைவையே உயிர் என்னாது. என்னை? உறக்கத்தில் நினைவு அடங்கவும் உயிர் அடங்கிக் கிடந்து, விழித்தபின் முன்னையவனே எழுகின்றான். கண்படுங்கால் உண்டலும் தொழிற்படுதலும் இல்லாமையை மூன்றாஞ் சூத்திரம் எடுத்துக் காட்டுதலும், உடம்பும் உயிர்மூச்சும் வேறு, அறிவுடைய உயிர் வேறு எனத் தெளிவித்தற்கேயாம். திருவதிகையில் தாம் அறியாது செய்த கொடுமைகளைத் தாமே ஏற்றுக்கொண்டு சுவாமிகள் கசிந்தார். செய்தவன் அழிந்து வேறொருவன் தோன்றினானாயின் அக்கசிவுக்கு இடமில்லை. ஒருவரே பல சார்புகளிற் சென்று மீண்டார் என்பதே அமைவுடைத்து.

சார்பு மாறினும் சார்வோன் மாறாமையும், சார்வோன் தனித்து நில்லாமையும் உயிரின் இலக்கணம். இதனையே 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்ப. பளிங்கு அடுத்த நிறத்தைக் காட்டும். கண் இருளிடத்து இருளாயும் ஒளியிடத்து ஒளியாயும் நிற்கும். இதுபற்றியே ஏழாஞ் சூத்திரத்தில் உயிர் சத்தும் அன்று, அசத்தும் அன்று. இரண்டனையும் அறிந்து இரண்டன் பக்கலும் நிற்கவல்ல சதசத்து என வரையறுக்கப்பட்டது. எட்டாஞ் சூத்திரம் இதனை ஓர் உவமையால் விளக்கும். வேடரிடையே வளர்ந்த அரசகுமாரன் தன்னை வேடன் என்றே எண்ணியிருந்தான். தந்தையே வந்து 'நீ என் மகன்' என உணர்த்த, வேடரை விட்டுத் தந்தையொடு சென்றான். ஐம்பொறிகளாகிய வேடரிடையே உயிர் மயங்கிக் கிடத்தலும், இறைவனே குருவாய் வந்து உணர்த்துதலும் இவ்வுவமையாற் கூறப்படும். இதன்கண் ஒரு நுட்பம் உளது. 'யான் வேடன் அல்லேன்' என்பது மட்டும் அரசகுமாரனுக்கு விடுதலை ஆகாது. வேடனும் அல்லனாய், அரசகுமாரன் என்பதும் அறியானாய்க் காட்டில் நின்றானாயின், அவன் முன்னையினும் இழிந்த நிலையினன் ஆவன். 'யாருக்குரியேன்' என்பதனை அறியாது 'யாருக்கும் உரியேன் அல்லேன்' என்று மட்டும் கூறுவானது நிலையும் அதுவே.

4. அஞ்சாமை எல்லாம் வீரமோ?

யாருக்கும் பணியாமையே பெருமை எனின், இராவணனினும் பெரியார் யாவர்? தேவரையும் திசையானைகளையும் அஞ்சாது, கயிலையையே பெயர்த்தற்குத் தோள் கொடுத்தவன் அவன். சுவாமிகள் தம் பதிகங்கள் பலவற்றின் இறுதியில் அவனை நினைவு கூர்தலை வழக்கமாக உடையார். திருவிரலால் ஊன்றப்பெற்று நெரிந்து, பின் பாடி அருள் பெற்றமையே ஆண்டெல்லாம் கூறப்படுவது. இராவணனது அஞ்சாமை ஆணவத்தின் முனைப்பு. நாவுக்கரசரது அஞ்சாமை ஆணவம் ஒடுங்கியதன் பயன். புறத்தே இரண்டும் ஒருபடித்தாய்த் தோன்றும். இரண்டற்கும் வேறுபாடு காணும் வழி யாது?

வழியைப் பதிகமே காட்டுகின்றது. அரசர் ஏவலைக் கேட்கக் கடவேமோ என வினவும் அதே பாட்டில், கருமுகில் பொழியும் மழைபோலக் கண்ணீர் சொரியக் கல்மனம் நன்மனமாய்க் கரையப் பெற்றமை கூறப்படுகின்றது. அரசன்முன் வளையாத உள்ளம் அழுகின்ற உள்ளமாகவும் இருக்கின்றது. ஆணவத்தாற் பிறந்த அஞ்சாமை நெஞ்சை வன்மையாக்கும். அருளாற் பிறந்தது நெகிழ்விக்கும். மேலும், பாட்டுக்களின் முடிவிற் பற்றின்மை, பிழையின்மை, கடுமையும் களவும் இன்மை என்பன அடியார் நிலையாகக் கூறப்படுகின்றன. குற்றமுடையான் அக்குற்றத்தை அறிந்தானுக்கு அஞ்சுவன். பற்றுடையான் பற்றிய பொருளைப் பறிப்பானுக்கு அஞ்சுவன். அஞ்சாமை என்பது வலிந்து மேற்கொள்ளும் துணிவன்று; அச்சத்திற்குரிய காரணங்கள் நீங்கியபின் எஞ்சி நிற்கும் அமைதியாம்.

அஞ்சத்தகும் பொருளுக்கு அஞ்சாதிருத்தல் அறியாமையின்பாற்படும் என்பது வள்ளுவனார் கருத்து. மாணிக்கவாசக சுவாமிகள் அச்சப்பத்தில், பாம்புக்கும் பொய்யர்தம் மெய்க்கும் அஞ்சாத தாம், இறைவன்பால் அன்பில்லாதாரைக் காணின் அஞ்சுவதாக அருளினார். உலகம் அஞ்சுவனவற்றை அஞ்சாமையும், உலகம் அஞ்சாத ஒன்றனுக்கு அஞ்சுதலும் அங்கே உடன்வைத்து எண்ணப்பட்டன. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் ஆகலின், தீய சார்பே மெய்யாக அஞ்சத்தக்கது. வாள் உடம்பை வெட்டும். சார்போ உயிரைத் தன்வண்ணம் ஆக்கும்.

5. மறுத்தவர் சென்றது என்னை?

ஈண்டு ஒரு பெருந்தடை நிகழும். அரசனுக்குக் குடியல்லேம் எனப் பாடிய சுவாமிகள், பாடி முடித்தபின் அமைச்சருடன் அரசன்பாற் சென்றார் எனச் சேக்கிழாரே கூறுகின்றார். மறுத்தல் உண்மையாயின் செல்லுதல் ஏன்? செல்லுதல் உண்மையாயின் மறுத்தல் வெறுஞ்சொல் ஆகாதோ?

வரலாற்றை ஊன்றி நோக்கின் தடை நீங்கும். அமைச்சர் முதலிற் கொணர்ந்தது ஆணை. அதற்கு விடை பதிகம். பதிகம் கேட்ட அமைச்சர் அவர்தம் அடிபணிந்து, எழுந்தருளல் வேண்டும் எனக் குறையிரந்தனர். இனி வரும் வினைகளுக்கு எம்பெருமான் உளன் என்னும் துணிவால் சுவாமிகள் அதற்கு இசைந்தார். ஆணை மறுக்கப்பட்டது, வேண்டுகோள் ஏற்கப்பட்டது. ஒரே செயல் ஆணைக்கு அடங்கிச் செய்யுங்கால் அடிமைத்தொழில். அருள்பற்றிச் செய்யுங்கால் உரிமைத்தொழில். செல்லாது நின்றே தீர்வேன் என்னும் பிடிவாதமும் ஒரு தளையே. அஃது எதிரியின் விருப்பத்தைத் தலைகீழாக்கித் தன் விதியாகக் கொள்ளுதல் அன்றோ? எதிரி கிழக்கென்றால் மேற்கே செல்பவன் எதிரியாலேயே நடத்தப்படுகின்றான். சுவாமிகள் அரசன்பொருட்டுச் செல்லவுமில்லை, அரசன்பொருட்டு நிற்கவுமில்லை.

பின் நிகழ்ந்தனவும் இதனை உறுதிசெய்யும். நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டும், நஞ்சூட்டப்பட்டும், யானைமுன் நிறுத்தப்பட்டும், கல்லொடு பிணித்துக் கடலில் எறியப்பட்டும், அவர் எங்கும் எதிர்த்துப் போர் செய்தாரல்லர். தப்பியோட முயன்றாரும் அல்லர். உடம்பினை அவர் கைக்கொடுத்து, உயிரினை இறைவன்பால் வைத்தார். ஐந்தெழுத்தே துணையாகத் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறினார். இறுதியில் மனம் மாறியவன் மன்னனே.

6. அடிமைப் பேச்சு மனிதரைத் தாழ்த்துமோ?

சைவம் ஓயாது அடிமை பேசுதலால் மக்கள் மனத்திற் பணிவே ஊறி, ஆள்வோர் எவராயினும் வளையும் இயல்பு உண்டாகும் என்று குறைகூறுவார் உளர். இக்குறை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இறைவனுக்கு ஆதல் வேண்டிய தொண்டினைச் செல்வர்க்கும் தலைவர்க்கும் ஆக்கிக்கொள்ளுதலும், பணிவென்னும் பெயரால் எளியாரை அடக்குதலும் நிகழ்ந்தமை மறுத்தற்கரியது. ஆயின் அது கொள்கையின் குற்றமா, கொள்கையைத் திரித்தாரது குற்றமா என்பது பதிகத்தாற் காணப்படும்.

மீளுதல் இல்லாத அடிமை என்பதன் பொருள் யாது? ஒருவனுக்கு முழுதும் விற்கப்பட்ட பொருளை மீட்டும் மற்றொருவனுக்கு விற்றல் இயலாது. இறைவனுக்கே உரியதாகிய உயிரைத் தனதென்று கூறும் அரசன், பிறன்பொருளை வவ்வுவான் ஆகின்றான். ஆகவே இவ்வடிமை பிற அடிமைகள் யாவற்றையும் விலக்கும் வேலியாய் நிற்கின்றது. வேறொரு பாட்டில், நாவலந்தீவின் காவலர்க்குக் கட்டுப்படேம் என்பவர், சிவனே என்னும் நாவுடையார் எவரோ அவரே எம்மை ஆளவுடையார் என்று கூறுகின்றார். மணிமுடி பெறாத தலைமையை நாவொன்று பெறுகின்றது. தனித்திருத்தாண்டகத்திலோ, உடல் குறைந்தழுகும் தொழுநோயினரேனும், உலகம் இழிகுலத்தார் எனத் தள்ளுவாரேனும், சிவனுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்கும் கடவுள் என அருளினார். பிறப்பும் செல்வமும் உடல்நலமும் தர இயலாத தகுதியைச் சார்பு ஒன்றே தருகின்றது. இவ்விரு பாட்டையும் உடன்வைத்து ஓதுவான், வலியார்முன் வளைதலும் எளியார்மேல் நிமிர்தலும் ஆகிய இரண்டனையும் ஒருசேர ஒழிப்பன். ஒழியானாயின், அவன் பேசும் அடிமை நாவுக்கரசர் பேசிய அடிமை அன்று என்க.

7. பெற்றபின் நிற்கும் நிலை

உயிர் இறைவனை அடைந்தபின் அதன் தனிநிலை என்னாம்? அழியும் எனின், விடுதலை பெற்றார் ஒருவரும் இலராவர். நோய் தீர்த்தற்கு நோயாளியைக் கொன்ற மருத்துவனை ஒக்கும். அழியாது இறைவனொப்பத் தனித்து நிற்கும் எனின், சார்ந்ததன் வண்ணமாம் என்ற இலக்கணம் பிழைபடும். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் 'தாடலை' என்னும் சொற்புணர்ச்சியை உவமையாக எடுத்து இதனைத் தெளிவித்தார். தாள் என்பதும் தலை என்பதும் புணருங்கால், ளகரமும் தகரமும் திரிந்து டகரம் ஒன்றாகின்றன. ஓசையில் ஒருசொல், பொருளில் இருசொல். தாள் அழியவில்லை, தலையும் அழியவில்லை. எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றொன்று தொடங்கிற்று என வரையறுக்க இயலாமை மட்டுமே நிகழ்ந்தது. தாள் இறைவனுடையது, தலை அடியானுடையது என்னும் குறிப்பும் அச்சொல்லிலேயே அமைந்து கிடத்தல் வியக்கத்தக்கது.

மறுமாற்றப் பதிகமும் இம்முடிபினையே காட்டும். அரசனை நோக்குங்கால் 'நாம்' என்னும் பன்மையே ஆளப்படுகின்றது. ஆண்டுப் பேசுவது அடியார் திருக்கூட்டம் முழுவதும். இறைவனுக்கும் தமக்கும் உள்ள உறவைக் கூறும் இடங்களிலோ ஒருமை தலைகாட்டுகின்றது. நிலமும் நீரும் நெருப்பும் காற்றும் வானுமாய் நின்ற பெருமான், தானாகவும் யானாகவும் நிற்கும் தன்மையன் என ஒரு பாட்டு உரைக்கும். அங்கே எண்ணும்மை இரண்டனையும் உடன்நிறுத்துகின்றது, ஒன்றனையும் விலக்கவில்லை. இறுதிப் பாட்டில், தேவதேவன் தம் சிந்தையிற் சேர்ந்திருந்தமை கூறுங்காலும் ஒருமையே வருகின்றது. உலகின்முன் கூட்டத்தோடு நிற்கும் உயிர், இறைவன்முன் தானாய் நிற்கின்றது. தன்னிலை அங்கே தொலையவில்லை. அங்கேதான் அது முதன்முதற் கிடைக்கின்றது.

அவ்விறுதிப் பாட்டு, தென்திசைக் கோனாகிய கூற்றுவனே நேரில் வந்து குற்றேவல் செய்க எனப் பணித்தாலும் ஏலோம் எனக்கூறி, எண்குணத்துள் நிற்கின்றேம் என முடிகின்றது. எண்குணம் இறைவனுக்கு உரியன. அவை எம்முடையன என்று சுவாமிகள் கூறினாரல்லர். அவற்றுள்ளே இருக்கின்றேம் என்றார். உடைமைக்கும் உள்ளிருத்தற்கும் உள்ள வேறுபாட்டிலே சித்தாந்த அத்துவிதம் முழுவதும் அடங்கியுள்ளது. தன்வயத்தன் ஆதல் அவ்வெண்குணத்துள் ஒன்று. பகலவனது ஒளியுள் நின்ற கண் காணுதல்போல, அத்தன்வயமுடைமையுள் நின்ற உயிர் விடுதலை பெறுகின்றது. கண் பகலவன் ஆகவில்லை. கண்ணாயிருத்தலை ஒழியவும் இல்லை.

ஆகவே விடுதலை என்பது சார்பின்மை அன்று, தக்க சார்பினை அடைதல். பெறுவோன் மறுக்கவும் பெறவும் வல்ல அறிவுடைய உயிர். பெற்றபின் அது தன்னை இழவாது இறைபணியில் நிற்கும். முதற்கண் எழுந்த மூன்று வினாக்களுக்கும் விடை இவையாம். மறுமாற்றப் பதிகத்தின் முதற்பாட்டை அஞ்சாமைக்கு எடுத்தோதுவார், அதன் தொடக்கத்தோடு நில்லாது முடிவுவரை ஓதுதல் வேண்டும். அரசர் மாறினும், ஆட்சிமுறை மாறினும், உயிரைத் தனதென்று உரிமை கொண்டாடும் ஆற்றல்கள் உலகில் ஒழிந்தபாடில்லை. அவற்றை நோக்கி 'அல்லோம்' எனக் கூறுதற்கு வேண்டும் வலிமை, 'பெற்றோம்' எனக் கூறவல்ல நெஞ்சினின்றே பிறக்கும்.